ராத்திரி ஷிப்ட்

என் ஜாதகத்தில் பிறந்த நேரம் பொய். ஆஸ்பத்திரிச் சீட்டில் ஒரு நேரம், ஜோசியர் நோட்டில் வேறு நேரம். இரண்டுக்கும் நடுவில் இரண்டே கால் மணி நேரம் வித்தியாசம். அந்த இடைவெளியில் நிலா மூலத்தை விட்டுப் பூராடத்துக்குள் போய்விடுகிறது. திருத்தியது என் அம்மாயி. எழுதப் படிக்கத் தெரியாத அம்மாயி தன் வாழ்க்கையில் செய்த ஒரே ஆவணத் திருத்தம் அதுதான்.

காரணம் சின்னம்மா. அம்மாவுக்கு நேர் இளையவள், மூல நட்சத்திரம். ‘ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம்’ என்பதை எங்கள் பக்கத்தில் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, காற்றிலேயே இருக்கிறது. மூலத்துப் பெண் வந்தால் மாமனாருக்கு ஆகாது. அந்தப் பழமொழிக்கு உண்மையில் நல்ல அர்த்தம்தான் என்று இப்போது டிவியில் ஜோசியர்கள் விளக்குகிறார்கள். சின்னம்மாவைப் பெண் பார்க்க வந்த வீட்டுக்காரர்கள் யாரும் அந்த நிகழ்ச்சியைப் பார்த்ததாகத் தெரியவில்லை. மாமனார் இல்லாத வீடாகப் பார்க்கலாம் என்று தரகர் யோசனை சொன்னார். அப்படி வந்த ஒன்றும் நகைக் கணக்கில் நின்றுபோனது.

நகைக்காகத்தான் 1998இல், பதினேழு வயதில், சின்னம்மாவை மில்லுக்கு அனுப்பினார்கள். மூன்று வருஷம் மில் ஹாஸ்டலிலேயே தங்கி வேலை செய்தால் கடைசியில் மொத்தமாக 30,000 ரூபாய். இந்த ஏற்பாட்டுக்குச் சுமங்கலித் திட்டம், திருமகள் திருமணத் திட்டம் என்று ஊருக்கு ஒரு பெயர். கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரத்து நூற்பாலைகளுக்கு இப்படி வந்து சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் தலித் வீடுகளிலிருந்தும் நிலமில்லாத வீடுகளிலிருந்தும் வந்த பெண்கள். பெண்களுக்கு இரவு வேலை கூடாது என்று 1948ஆம் வருடத்துத் தொழிற்சாலைச் சட்டம் அப்போதும் சொல்லிக்கொண்டிருந்தது. அந்தப் பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000இல்தான் நீக்கியது. சின்னம்மா அதற்கு இரண்டு வருஷம் முன்பே ராத்திரி ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் எம்.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் வருஷம் படித்தபோது, 2019இல், எனக்குக் கிடைத்த புராஜெக்ட் ஒரு நியூட்ரான் விண்மீன். அதன் பெயர் 4யூ 1728-34. பெயரில் இருக்கும் எண்கள் வானத்தில் அதன் முகவரி. முதல் வாரம் அந்த முகவரியை நட்சத்திர வரைபடத்தில் வைத்துப் பார்த்தேன். விருச்சிகத்தின் வால். தேள் கொடுக்கு இருக்கும் இடத்தில் பளிச்சென்று ஒரு நட்சத்திரம், அதிலிருந்து வடக்கே மூன்று டிகிரி தள்னால் என்னுடைய விண்மீன். அந்தப் பளிச்சென்ற நட்சத்திரத்தின் பெயரைத் தேடினேன். மூலம்.

கையை நீட்டி இரண்டு விரலைச் சேர்த்துப் பிடித்தால் வானத்தில் எவ்வளவு மறைகிறதோ அவ்வளவுதான் தூரம். அதுவும் நம் கண்ணுக்குத் தெரியும் பக்கம் மட்டுமே. மூலம் இருப்பது ஐந்நூறு ஒளியாண்டுகளுக்குச் சற்று அப்பால். என்னுடையது சுமார் 15,000 ஒளியாண்டு தொலைவில். நம் பால்வீதியின் நடுப்பகுதி அந்தத் திசையில் இருப்பதால் இத்தகைய விண்மீன்கள் அங்கே கூட்டமாக இருக்கின்றன. எக்ஸ் கதிர் எங்கிருந்து வருகிறதோ அதைத் தமிழில் ‘எக்ஸ் கதிர் மூலம்’ என்றுதான் எழுதுகிறோம். வெடிக்கும் மூலங்கள் அதிகம் இருப்பது மூலத்தின் பக்கத்தில். புராஜெக்ட் அறிக்கையில் இதை எழுத முடியாது, அதனால் இங்கே எழுதிவைக்கிறேன்.

அது என்ன வெடிப்பு என்று சொல்லிவிடுகிறேன். பெரிய விண்மீன் ஒன்று செத்து, நடுப்பகுதி தன் மேலேயே சரிந்து இறுகினால் மிஞ்சுவது நியூட்ரான் விண்மீன். சூரியனைவிட அதிக நிறை, ஆனால் குறுக்களவு இருபது, இருபத்து நான்கு கிலோமீட்டர்தான். காந்திபுரத்தில் பஸ் ஏறிச் சூலூரில் இறங்கும் தூரம். அதன் பக்கத்தில் இன்னொரு விண்மீன் துணையாகச் சுற்றினால், துணையின் வாயுவை இது இழுத்துக்கொண்டே இருக்கும். விழுகிற வாயு கோடி டிகிரிக்கு மேல் சூடாகி எக்ஸ் கதிராக எரியும். விழுந்த வாயு மேற்பரப்பில் மணிக்கணக்காகச் சேர்ந்து, சில மீட்டர் கனம் வந்ததும், தன் எடையிலேயே அழுந்திப் பற்றிக்கொள்ளும். ஒரு நொடிக்குள் உச்சிக்கு ஏறி, பத்து இருபது நொடியில் மெல்ல இறங்கும். சூரியன் சில நாட்களில் விடும் ஆற்றல் அந்த நொடிகளில் வெளியே வந்துவிடும். பிறகு மறுபடி சேர்ப்பு, மறுபடி வெடிப்பு. இதை முதன்முதலில் கண்டது 1975இல்.

இதைத் தவிர இன்னொரு வகை உண்டு. அது நொடிக்கணக்கு அல்ல, வாரக்கணக்கு. வருடக்கணக்கில் சத்தமில்லாமல் கிடக்கும் ஓர் இரட்டை விண்மீனில் வாயு திடீரென்று மொத்தமாக விழத் தொடங்கும். அடுப்பில் பால் பொங்குவதுபோல் பிரகாசம் ஏறிக்கொண்டே போகும். 2017 அக்டோபர் 3 அன்று ஸ்விஃப்ட் செயற்கைக்கோள் அப்படி ஒன்றைப் பிடித்தது. அதற்கு முன் யாரும் அறியாத விண்மீன். பத்து நொடிக்கு ஒருமுறைக்குக் கொஞ்சம் வேகமாகச் சுழன்றுகொண்டு, நவம்பரில் உச்சத்துக்குப் போய், இவ்வளவுதான் முடியும் என்று கணக்கு சொன்ன எல்லையைத் தாண்டியது. நம் பால்வீதியில் கண்ட முதல் அதிபிரகாச எக்ஸ் கதிர்த் துடிவிண்மீன் அது. இந்தியாவின் அஸ்ட்ரோசாட்டும் அந்த அக்டோபரிலேயே திரும்பி அதைப் பார்த்தது.

இத்தகைய செய்திகளில் ‘அதுவரை அமைதியாக இருந்தது’ என்று எழுதுவது வழக்கம். எனக்கு அந்த வார்த்தையைப் படிக்கும்போதெல்லாம் சின்னம்மா மில் கேட்டில் நின்றது ஞாபகம் வரும். நான் பார்த்ததில்லை, அம்மா சொல்லித் தெரியும். முப்பத்து நான்காவது மாதம் சின்னம்மாவுக்கு மூச்சிரைப்பு அதிகமாகி வேலையை விட்டாள். மூன்று வருஷம் முடியவில்லை என்று சொல்லி மொத்தப் பணத்தில் கால்வாசிதான் கொடுத்தார்கள். அதுவரை யாரையும் நிமிர்ந்து பார்க்காத பெண் கேட்டுக்கு வெளியே நின்று, மேனேஜர் வீட்டுப் பெண்களுக்கு என்ன நட்சத்திரம், என்ன நகை என்று ஒரு மணி நேரம் கத்தியிருக்கிறாள். ‘வாய்க்காரி’ என்ற பெயர் மூல நட்சத்திரத்தோடு சேர்ந்துகொண்டது. அந்த முப்பத்து நான்கு மாதம் யாருக்கும் ஞாபகமில்லை. அந்த ஒரு மணி நேரம் இன்றைக்கும் ஊருக்கு ஞாபகம் இருக்கிறது. பிறகு வேறொரு மில்லில் தினக்கூலிக்குச் சேர்ந்தாள். இருபது வருஷமாக அங்கேதான்.

எக்ஸ் கதிரைத் தரையிலிருந்து பார்க்க முடியாது. காற்று மண்டலம் உறிஞ்சிவிடும், நல்ல வேளையாக. அதனால் கருவியை மேலே அனுப்ப வேண்டும். அஸ்ட்ரோசாட் 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போனது. 650 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. அதில் மும்பை டாடா ஆராய்ச்சி நிறுவனம் செய்த லேக்ஸ்பிசி என்ற கருவி, வந்து விழும் ஒவ்வொரு எக்ஸ் கதிர்த் துகளின் நேரத்தையும் நொடியில் லட்சத்தில் ஒரு பங்கு துல்லியத்தில் குறித்துவைக்கிறது. இன்னொரு கருவி எதையும் உற்றுப் பார்க்காமல், எங்கே புதிதாக ஏதாவது எரிகிறது என்று வானத்தைத் துழாவிக்கொண்டே சுழல்கிறது. அதன் செயல்பாடு பற்றிய கட்டுரையில் முதல் பெயர் எம்.சி. ரமாதேவி. பெயர்ப் பட்டியலில் பெண் பெயரைத் தேடும் பழக்கம் எனக்கு உண்டு, வெட்கமில்லாமல் தேடுவேன். 2018இலிருந்து அஸ்ட்ரோசாட் தரவுகளைப் பொதுவில் வைக்கத் தொடங்கினார்கள். பல்லடம் பக்கத்து ஓட்டு வீட்டில் இருந்துகொண்டு ஒரு பெண் அதை இறக்கிப் பார்க்கலாம். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் நெட் வேகமாக இருந்ததால் நான் அந்த நேரத்தில் இறக்கினேன்.

அந்த வருஷம்தான் எங்கள் வகுப்பைக் காவலூர் வைணு பாப்பு வானோக்கு நிலையத்துக்குக் கூட்டிப் போகும் திட்டம் வந்தது. ஜவ்வாது மலையில் ஓர் இரவு, பெரிய தொலைநோக்கி. பெயர் கொடுத்த பதினெட்டு பேரில் பதினொன்று பெண்கள். ‘ராத்திரிப் பயணம், பொறுப்பு யார் ஏற்பது’ என்று கல்லூரியில் யோசித்தார்கள். கடைசியில் பையன்கள் ஏழு பேர் போய்வந்தார்கள். நாங்கள் படம் பார்த்தோம். அன்று மாலை பஸ்ஸில் வீடு திரும்பும்போது எதிரே மில் வேன்கள் வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் முப்பது பெண்கள், துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, ராத்திரி ஷிப்டுக்கு. அவர்களுடைய பொறுப்பை யார் ஏற்கிறார்கள் என்று இந்த ஊரில் யாரும் யோசித்துக் கூட்டம் போட்டதில்லை. எனக்கு அன்று கோபத்தைவிடக் குழப்பம்தான் அதிகம். ஒரே சாலை, ஒரே இருட்டு.

வெடிப்பைத் தேடும் வேலை பார்க்க எளிது. நேரம் படுக்கையாக, வந்த துகள்களின் எண்ணிக்கை நெட்டாக ஒரு கோடு போட வேண்டும். கோடு நடுநடுவே அறுந்திருக்கும், ஏனென்றால் செயற்கைக்கோள் பூமியைச் சுற்றி வரும்போது பாதி நேரம் பூமியே குறுக்கே நிற்கும். மிச்சமிருப்பதில் சட்டென்று ஏறி மெல்ல இறங்கும் கூர்முனை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால், கருவியின் எல்லாப் பெட்டிகளும் ஒரே நேரத்தில் அதைக் கண்டனவா என்று சரிபார்க்க வேண்டும். ஒரு பெட்டி மட்டும் கண்டிருந்தால் அது கருவியின் கோளாறு.

எனக்கு மூன்று வாரம் ஒன்றும் கிடைக்கவில்லை. கோடு மேலும் கீழும் நெளிந்தது, அவ்வளவுதான். மே மாதம், இரண்டாம் ஷிப்ட் முடிந்து பதினொரு மணிக்குச் சின்னம்மா வந்தாள். தலையில் இன்னும் பஞ்சு. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் நின்றவள் கேட்டாள்.

“என்ன அம்மிணி, இன்னும் அறுகாமயே ஓடுதா?”

“அறுந்தாத்தானுங் சின்னம்மா எனக்கு மார்க்கு.”

கொஞ்ச நேரம் பார்த்தாள். சாப்பாட்டுக் கையாலேயே காட்டினாள். “இந்த எடம் ஒரு தினுசா இருக்குது பாரு. மத்ததெல்லாம் ஒரே ஓட்டம். இது மட்டும் தூக்கிட்டு நிக்குது.”

அது ஒரு சின்ன மேடு. நான் அதைப் பத்து முறை பார்த்துக் கடந்திருக்கிறேன். இரைச்சல் என்று நினைத்துவிட்டேன். சின்னம்மாவுக்கு நம்பிக்கையில்லாமல் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் என் தவறு எனக்கே உறைத்தது. கோடு வழவழவென்று இருக்க வேண்டும் என்று நூறு நூறு நொடியாகக் கூட்டிப் போட்டிருந்தேன். பதினைந்து நொடி வெடிப்பு நூறு நொடிக்குள் கரைந்துபோகும். ஒரு நொடிக்கு ஒரு புள்ளி என்று மாற்றிப் போட்டேன். அந்த மேடு இருந்த இடத்தில் ஊசி நட்டதுபோல் ஒன்று எழுந்து நின்றது. சட்டென்று ஏறி, மெல்ல இறங்கியது. எல்லாப் பெட்டியிலும் இருந்தது.

புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. அந்த வெடிப்பைப் பற்றி 2017இலேயே ஆய்வுக் கட்டுரை வந்துவிட்டது. வழிகாட்டி ஆசிரியருக்குத் தெரியும், நான் தேடிக் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டிருக்கிறார். ஆனாலும் அந்த ராத்திரி நாங்கள் இரண்டு பேரும் காபி போட்டுக் குடித்தோம்.

எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டேன். ரிங் ஃபிரேமில் சைடு பார்ப்பது அவள் வேலை. ஒரு ஃபிரேமில் ஆயிரத்துக்கு மேல் ஸ்பிண்டில்; அவற்றின் நடுவே நடந்துகொண்டே இருக்க வேண்டும். எங்கே இழை அறுகிறதோ அங்கே நின்று, நூலை இழுத்து ஒட்ட வேண்டும். விட்டால் பஞ்சு வீணாகும், கூலி பிடிப்பார்கள். “ஒவ்வொண்ணாப் பாத்தா ஒரு ஷிப்ட் பத்தாது. மொத்தமா பாக்கோணும். கண்ணு சும்மா போயிட்டே இருக்கும். அறுந்த எடத்துல அதுவே நின்னுக்கும்.” துழாவும் கருவியைப் பற்றிய விளக்கத்தில் நான் பத்தி பத்தியாகப் படித்தது இதைத்தான்.

ஸ்பிண்டிலுக்குப் பழைய ஆட்கள் சொல்லும் தமிழ்ப் பெயர் கதிர். எக்ஸ் கதிரில் வரும் அதே சொல். அம்மாயி ‘கதிர் ஓடுது’ என்பாள். கதிர் எவ்வளவு வேகமாக ஓடும் என்று சின்னம்மாவைக் கேட்டேன். போர்டில் பதினெட்டாயிரம், இருபதாயிரம் என்று காட்டும் என்றாள், நிமிடத்துக்கு. அப்போது நான் அந்தக் கட்டுரையின் முக்கியமான எண்ணைப் பெருக்கிப் பார்த்தேன். வெடிப்பு நியூட்ரான் விண்மீனின் மேற்பரப்பில் ஓரிடத்தில் பற்றித்தான் பரவும். அந்தச் சூடான இடம் விண்மீனோடு சேர்ந்து சுற்றும்போது பிரகாசம் துடிக்கும். அந்தத் துடிப்பை எண்ணினால் விண்மீனின் சுழற்சி வேகம் கிடைத்துவிடும். 4யூ 1728-34இல் இப்படி நொடிக்கு 363 துடிப்பு என்று 1996இல் கண்டார்கள். அஸ்ட்ரோசாட்டும் அதையே கண்டது. நிமிடத்துக்கு 21,780 சுற்று. பல்லடம் ரோட்டில் ஓடும் ஸ்பிண்டிலின் வேகத்தை ஒட்டிய வேகம். சூலூர் வரை நீளும் ஒரு ஸ்பிண்டில், சூரியனைவிடக் கனமாக. விழுகிற வாயு தள்ளித் தள்ளித்தான் அதற்கு இந்த வேகம் வந்தது.

சின்னம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, “அத்தினி வேகத்துல இழை நிக்காதே” என்றாள். தொழில் அறிந்தவளின் சந்தேகம். அங்கே பிடித்து நிறுத்துவது ஈர்ப்பு விசை என்று சொன்னேன். ஒப்புக்கொண்ட மாதிரித் தெரியவில்லை.

4யூ என்பதில் யூ என்பது உஹூரு. எக்ஸ் கதிருக்கென்றே பறந்த முதல் செயற்கைக்கோள், 1970 டிசம்பர் 12இல் கென்யக் கடலோர மேடையிலிருந்து ஏவியது. அது கென்யாவின் விடுதலை நாள்; உஹூரு என்றால் சுவாஹிலி மொழியில் விடுதலை. நாசாவில் அந்தத் திட்டத்தை மேலாண்மை செய்தவர் மார்ஜரி டவுன்செண்ட் என்ற மின்பொறியாளர். அதற்கு மூன்று வருஷம் முன்பு, 1967இல், சுழலும் நியூட்ரான் விண்மீனின் துடிப்பை முதலில் கண்டவர் ஜோஸலின் பெல் என்ற ஆராய்ச்சி மாணவி. நாளொன்றுக்கு முப்பது மீட்டர் நீளத்துக்கு ஓடிய காகிதச் சுருளைக் கண்ணாலேயே பார்த்து, கால் அங்குலம் ஒரு தினுசாக இருந்ததை விடாமல் பிடித்துக்கொண்டார். 1974இல் நோபல் பரிசு அவருடைய வழிகாட்டிக்குப் போனது. 2018இல் வேறொரு பரிசாக முப்பது லட்சம் டாலர் வந்தபோது, வாய்ப்பு குறைந்த மாணவர்களின் ஆராய்ச்சிக்கு மொத்தத்தையும் கொடுத்துவிட்டார். சின்னம்மாவிடம் இந்தக் கதையைச் சொன்னதும் முதலில் கேட்டது, “அந்தம்மாளுக்குப் பி.எஃப். இருந்துச்சா?”

அந்த வாரத்தில் ஒருநாள் அவளை மாடிக்குக் கூட்டிப் போனேன். தென்கிழக்கில் தேள் முழுதாக ஏறியிருந்தது. மில் விளக்குகளும் பைபாஸ் விளக்குகளும் கீழ்வானத்தை வெளுக்கவைத்திருந்தாலும் கொடுக்கு தெரிந்தது. இதுதான் மூலம் என்றேன். முப்பத்தெட்டு வயதில் சின்னம்மா அதை முதன்முறையாகப் பார்த்தாள். அதுவரை அது அவளுக்கு ஒரு நோட்டில் எழுதிய சொல். ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “பளிச்சுனுதான இருக்குது” என்றாள். நான் அவள் கையை நீட்டச் சொல்லி இரண்டு விரலைச் சேர்த்து, நம் விண்மீன் இருக்கும் இடத்தைக் காட்டினேன். அங்கே கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, இருட்டுதான். இருட்டையும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

அடுத்த வருஷம் எனக்கு வரன் பார்க்க ஆரம்பித்தபோதுதான் இரண்டே கால் மணி நேரத்துக் கதை எனக்குத் தெரிந்தது. அம்மா மெதுவாகச் சொன்னாள். அம்மாயி இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. எனக்கு அம்மாயி மேல் கோபம் வரவில்லை. ஒரு மகளை நட்சத்திரத்துக்குக் கொடுத்தவள் பேத்தியைக் கொடுக்கத் தயாராக இல்லை, கையில் கிடைத்த வழியில் காப்பாற்றினாள். ஆனால் அந்த நோட்டை வைத்து மேலே நடக்கவும் எனக்கு மனதில்லை. பார்க்க வந்தவர்களிடம் நானே சொன்னேன், சீட்டில் இருப்பதுதான் சரியான நேரம், மூலம் என்று. காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்கள். அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சின்னம்மா அன்று ராத்திரி ஷிப்ட். ஒன்பது மணிக்கு வேன் வரும் முன் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே, “அந்தக் கோட்டுப் படத்த என்ற போனுக்கு அனுப்பி வுடு சாமி” என்றாள்.

அனுப்பினேன். மறுநாள் காலையில் வந்து, படுக்கும் முன் சொன்னாள். டீ இடைவேளையில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், அவள் திருவண்ணாமலைப் பக்கம், போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, இது எந்த மிஷினில் அறுந்தது என்று கேட்டாளாம்.